புதன்கிழமை வருகிறவன் சொல்ல மாட்டான்

தரங்கம்பாடி,
16-11-2025, ஞாயிறு பகல்.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் திருவாளர் வீரமணி அவர்களுக்கு, தங்கை புருஷன் கலியபெருமாள் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் தங்கை சௌந்தரநாயகியும் உயிரோடு இருக்கிறோம். அவள் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நான் இருப்பதுதான் அதிசயம். அந்த அதிசயத்துக்கு முழுக் காரணம் தாங்கள்தான் என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்லி நன்றி கூறவே இந்தக் கடிதம். அங்கே தஞ்சாவூர்க் கீழவாசலில் தங்கள் மீன் கடையும், வீட்டில் அண்ணியும், தங்கள் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன என்று விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் போனில் தங்கள் எண் இல்லை, கோபத்தில் அழித்துவிட்டேன். தங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதாகக் கேள்வி. நம் இருவருக்கும் நடுவில் இன்னும் பொதுவாக இருப்பவர் தபால்காரர் ஒருவர்தான். எங்கள் மகள் ஜீவிதா கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் வீரமணி என்று வர வேண்டிய இடத்தில் வீரமுனி என்று அச்சாகிவிட்டது. நான் சரிபார்க்காமல் விட்டது தப்புதான். அதற்காகத் தாங்கள் முகூர்த்தத்துக்கு வந்து, சீர்த்தட்டை இறக்கி வைத்து, "இது முனி குடுத்த சீருன்னு எழுதிக்குங்க" என்று நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டு, பந்தியில் உட்காராமல் போனது இருக்கிறதே, சரி, அதை விடுங்கள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்படிப் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த நேரத்திலும் என் உயிரைக் காப்பாற்ற வேஷம் கட்டிக்கொண்டு வந்தீர்களே, அதை நினைத்தால் எனக்கு எழுத்து நகர மாட்டேன் என்கிறது.

நடந்ததை ஆதியிலிருந்து எழுதுகிறேன். பாதி தங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முழுக்க எழுதுகிறேன், ஏனென்றால் சௌந்தரநாயகி படித்துப் பார்த்த பிறகுதான் உறையை ஒட்டுவதாக ஒப்பந்தம். இனிமேல் அவளுக்குத் தெரியாமல் ஒரு மூச்சு விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஐப்பசி பிறந்ததும் எனக்கு இடது விலாவுக்குக் கீழே வலி கண்டது. ஏலக்கூடத்தில் வஞ்சிரத்துக்கு விலை கூவிக்கொண்டிருக்கும்போது பாதியில் குரல் நின்றுவிடும், குனிந்து உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. மாயவரத்தில் டாக்டரிடம் போனால், வயிற்றைத் தட்டிப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, "சாயம் ஏத்தி ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துருவோம். சிறுநீரகத்துல என்ன இருக்குன்னு அப்பதான் தெளிவாத் தெரியும்" என்று தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குச் சீட்டு எழுதிவிட்டார். 'என்ன இருக்குன்னு' என்று அவர் சொன்ன விதத்தில் சௌந்தரநாயகி அங்கேயே அழ ஆரம்பித்தாள். எனக்கோ 'சாயம்' என்ற சொல்லைக் கேட்டதும் உதடு இரண்டும் குறுகுறு என்றது. ஏன் என்று தங்களுக்குத் தெரியும். தங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

1993, ஆவணி மாதம். எனக்கும் உங்கள் தங்கைக்கும் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கிறது. எனக்குச் சிறுநீரகக் கல் வலி. மாப்பிள்ளை நோயாளி என்று தெரிந்தால் உங்கள் அப்பா பெண்ணைக் கொடுக்க மாட்டார் என்று பயந்து, படகு இன்ஜினுக்குச் சாமான் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, நாம் இருவரும் தஞ்சாவூருக்கு வந்தோம். அங்கே படம் எடுப்பதற்கு முன்னால் கையில் சாயம் ஏற்றினார்கள். ஏற்றிய இரண்டாவது நிமிஷம் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு நின்று, நான் போய்விட்டேன் என்றே நினைத்துத் தாங்கள் வராந்தாவில் அழுதீர்கள். ஊசிமேல் ஊசி போட்டு எழுப்பினார்கள். "இந்தச் சாயத்த வாழ்நாள்ல திரும்ப ஏத்திக்கக் கூடாது, ரெண்டாவது தடவை இதைவிட மோசமா இருக்கும்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நாம் அந்தச் சீட்டைக் கிழித்துப் புது ஆற்றில் விட்டோம். ஊரில் கேட்டவர்களுக்குத் தேனீ கொட்டியது என்றோம். கல்லும் பிறகு தானாகவே கரைந்து போய்விட்டது. தாங்கள் சொந்தத் தங்கையிடம்கூட வாயைத் திறக்காமல் முப்பத்திரண்டு வருஷம் காத்தீர்கள். கோபத்தில் இருந்த இந்த இரண்டு வருஷத்தில்கூட.

அப்படியிருக்க, நீ ஏன்டா டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? சீட்டு எழுதும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பொய்யை இவ்வளவு வருஷம் வைத்திருந்தால் அது பொய்யாகவா இருக்கிறது, குடும்பத்தில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. அன்றைக்கு இருந்த மருந்து வேறு, இன்றைக்கு இருக்கும் மருந்து வேறாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமைக்கு நாள் கொடுத்தார்கள். ஒரு தாளில் விதிமுறை கொடுத்திருந்தார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்து என்று எங்கள் டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். காலை ஆறு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் தங்கை அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். கல்யாண மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டு, தேங்காயெண்ணெய் போட்டு, கடைசியில் நூலைச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கழற்றினாள். விரலில் மோதிரம் இருந்த இடம் வெள்ளையாக, வேறு யாருடைய விரலோ மாதிரி இருந்தது. அரைஞாண் கயிற்றில் வெள்ளித் தாயத்து. அதை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மா கட்டுனதுங்க, இதை எடுத்தா காப்பு இல்லாம போற மாதிரி இருக்குங்க" என்றாள். "அரைமணி நேரத்துக்குக் காப்பு எதுக்கு, ஸ்கேனுக்குள்ள பேயா இருக்கப் போவுது?" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

புதன் காலை மாயவரத்தில் ரயில் ஏறினோம். விடாத மழை. இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிய வயல் முழுக்கத் தண்ணீர். கும்பகோணத்தில் ஒருவர் இட்லிப் பொட்டலம் பிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்தரை மணிக்கு ஸ்கேன் சென்டரில் நுழைந்தோம். முன்மேஜையில் அபிநயா என்று ஒரு பெண், நம் ஜீவிதா வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்கய்யா, இப்ப மூச்சு பரவாயில்லீங்களா?" என்றாள்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"என்னையாம்மா கேக்குற?"

"ஆமாங்கய்யா. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்து பாரம் எழுதிக் குடுத்துட்டுப் போனீங்கள்ல? கலியபெருமாள், அறுபது வயசு, தரங்கம்பாடி. பேசவே முடியாம எழுதிக் காமிச்சீங்களே. நாங்க டாக்டரைக் கூப்பிடறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டீங்க."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நான் துறைமுகத்தில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன், ஐம்பது பேர் சாட்சி. சௌந்தரநாயகி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அவளுக்குத் தெரியாமல் இன்னொரு தரம் தஞ்சாவூருக்கு வந்து போகிறவன் இன்னும் எதற்கெல்லாம் வந்து போகிறானோ என்று ஒரு பார்வை. "பேரு ஒண்ணா இருக்கும், வேற ஆளா இருக்கும்" என்று நான் சொன்னேன். அந்தப் பெண் கோப்பைப் புரட்டினாள், திங்கட்கிழமை பாரம் கிடைக்கவில்லை. "எங்கயோ சேந்து போச்சு, பரவாயில்ல, புதுசா ஒண்ணு எழுதிருங்க" என்று தாளை நீட்டினாள். அதில் ஏழாவது கேள்வி: இதற்கு முன் சாயம் ஏற்றியதுண்டா, ஒவ்வாமை ஏற்பட்டதுண்டா. தோளுக்கு மேலே உங்கள் தங்கையின் மூச்சு படுகிறது. 'இல்லை' என்று எழுதினேன். எழுதியதும் விளக்கு ஒரு தரம் அணைந்து எரிந்தது. மழைக்காலத்தில் அது சகஜம்தான், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஏதோ மருந்தைக் கலந்து கொடுத்து, ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்கள். பாட்டிலும் கையுமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு வயசான அம்மா, முக்காடு போட்டு, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். முத்துப்பேட்டை, பெயர் சைத்தூன் பீவி. அவர் வீட்டுக்காரரை உள்ளே ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். திங்கட்கிழமை வந்து, மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பப்பட்டு, புதன்கிழமை மறுபடி வந்தவர்கள். சௌந்தரநாயகி மோதிரமும் தாயத்தும் வைத்த பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போன நேரம் பார்த்து, அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து, "தம்பி, அந்த ஆளு உங்க அண்ணனா?" என்றார்.

"எந்த ஆளும்மா?"

"திங்கக்கெழமை இதே நாற்காலியிலதான் ஒக்காந்திருந்தாரு. உங்க மூஞ்சி அப்படியே. ஆனா ஒதடு ரெண்டும் இம்மாம் பெருசா வீங்கி, கழுத்தெல்லாம் செவப்பாத் தடிச்சு, பாக்கவே முடியல. எடது கை மடிப்புல பஞ்ச வெச்சு அமுக்கிக்கிட்டே இருந்தாரு. தண்ணி குடுத்தேன், எறங்கல, கடைவாய்ல வழியுது. என் கையப் புடிச்சிக்கிட்டுக் காத்து மாதிரி ஒரு கொரல்ல சொன்னாரு. 'புதன்கிழமை வர்றவன் சொல்ல மாட்டான். நீங்க பாத்தா சொல்லச் சொல்லுங்க'ன்னு."

"என்னத்தச் சொல்லச் சொன்னாரு?"

"அது ஒங்களுக்குத் தெரியும்னாரு."

மச்சான், நான் கடலில் வளர்ந்தவன். சுனாமி அன்றைக்கு அலையை நேருக்கு நேர் பார்த்தவன். ஆனால் அந்தக் குளிர்பதன அறையில் என் முதுகில் வழிந்த வியர்வை இருக்கிறதே. கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். பாதி காலியாகியிருந்தது. அவ்வளவு குடித்த ஞாபகம் எனக்கு இல்லை. "அவரு கை எப்படி இருந்துச்சும்மா?" என்று என்னை அறியாமல் கேட்டேன். "சில்லுன்னு இருந்துச்சு தம்பி, ஐஸ் பொட்டியில வெச்ச மீன் மாதிரி" என்றார். அதற்குள் சௌந்தரநாயகி வந்துவிட்டாள். "என்ன பேசிக்கிட்டிருக்கீங்க?" "அம்மா ஊர்ல நண்டு நல்லா இருக்குமாம்" என்றேன். சைத்தூன் பீவி என்னைப் பார்த்தபடி மணியை உருட்டினார்.

உள்ளே கூப்பிட்டார்கள். முன்பக்கம் மூடி, பின்பக்கம் முடிச்சுப் போடும் நீல அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். முடிச்சு எனக்கு எட்டவில்லை, அறுபது வயசில் முதுகைத் திறந்து போட்டுக்கொண்டு நடப்பதைப் போல ஞானம் தரும் அனுபவம் வேறு இல்லை. மூக்குக்கண்ணாடியையும் வாங்கிக்கொண்டார்கள். மெஷினை ஓட்டுகிற ஜாஃபர் சாதிக் நல்ல மனுஷர், சின்ன வயசு. "அண்ணே, இறால், நண்டு எதுவும் ஒத்துக்காம இருக்கா?" என்று அவரே ஒரு தரம் கேட்டார். "மீன் வியாபாரிகிட்ட கேக்குற கேள்வியா தம்பி இது?" என்றேன். "அதுகூடப் பெரிசில்லண்ணே. இந்தச் சாயம் முன்னாடி ஏத்தி ஏதாவது ஆச்சா, அதான் முக்கியம்" என்றார். அங்கே சௌந்தரநாயகி இல்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் வெளியே 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தவன் உள்ளே 'உண்டு' என்றால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கம். உயிர் போகிற இடத்திலும் வெட்கம் போக மாட்டேன் என்கிறது பார்த்தீர்களா. தலையை ஆட்டிவிட்டேன்.

வலது கையில் நரம்பு கிடைக்கவில்லை. இடது கை மடிப்பில் ஊசியைச் செருகினார். சைத்தூன் பீவி சொன்ன அதே கை, அதே மடிப்பு. அந்த ஊசியிலிருந்து ஒரு குழாய் போய் ஒரு பம்பில் சேர்ந்தது, அதில் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் அந்தச் சாயம். "ஏத்தும்போது ஒடம்பு முழுக்கச் சூடாகும், வாய்ல இரும்பு ருசி வரும், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி தோணும். போயிருக்க மாட்டீங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, என்னைத் தனியாக விட்டுவிட்டுக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் போய்விட்டார். "மொதல்ல சாயம் இல்லாம ஒரு தடவை எடுத்துக்கறேன், அப்புறம் ஏத்துறேன்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்.

படுக்கை நகர்ந்து என்னை அந்த வளையத்துக்குள் கொண்டுபோயிற்று. மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "மூச்சை இழுங்கள். பிடித்துக்கொள்ளுங்கள்" என்றது. பிடித்தேன். விடச் சொல்ல மறந்துவிட்டது என்றே நினைத்தேன், அவ்வளவு நேரம். நெஞ்சு முட்டிற்று. 1993-இல் மூச்சு நின்றபோது காதுக்குள் கடல் மாதிரி ஓர் இரைச்சல் கேட்டதே, அது அப்படியே கேட்டது. "விடுங்கள்" என்றது குரல். விட்டேன். படுக்கை வெளியே வந்தது. தலையைத் திருப்பிக் கண்ணாடிச் சுவரைப் பார்த்தேன். ஜாஃபர் சாதிக் குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார்.

மூக்குக்கண்ணாடி இல்லாததால் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் நீல அங்கி தெரிந்தது. என்னுடையது மாதிரியே. இடது கையை மடக்கி, வலது கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, பெரிதாக ஒன்று. ஜாஃபர் சாதிக் அவரைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒலிபெருக்கியில், "இப்ப ஏத்துறேண்ணே, அசையாதீங்க" என்றார். பின்னால் நின்றவர் வலது கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்தார். அப்புறம் மெதுவாக, இப்படியும் அப்படியும் தலையை ஆட்டினார்.

நான் கத்தினேன். நாற்பது வருஷம் ஏலக்கூடத்தில் ஏறின குரல், அத்தனையும் சேர்த்து, "நிறுத்துடா!" என்று கத்தினேன். பொத்தானுக்கு மேலே போன விரலை ஜாஃபர் சாதிக் அப்படியே எடுத்துவிட்டார். ஓடிவந்தார். "எனக்கு ஆவாது தம்பி, இது எனக்கு ஆவாது, தொண்ணூத்தி மூணுல செத்துப் பொழச்சேன், பொண்டாட்டிக்குத் தெரியாது" என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. முதலில் குழாயைக் கழற்றினார். பிறகு நான் கேட்டேன்.

"உங்க பின்னாடி நின்னாரே, அவரு யாரு?"

"யாருமில்லண்ணே. இந்த ரூமுக்கு ஒரே கதவு. நான்தான் உள்ள தாப்பா போட்டிருக்கேன்."

என் சத்தம் கேட்டு வெளியே எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். உங்கள் தங்கை கதவைத் தட்டுகிறாள். டாக்டர் வந்தார், கேட்டார், தலையில் கைவைத்துக்கொண்டார். "இந்தப் பாரத்துல இல்லைன்னு எழுதியிருக்கீங்களே" என்று அவர் கோப்பைப் பிரிக்க, நான் அன்றைக்கு எழுதிய தாளுக்கு அடியிலேயே இன்னொரு தாள் இருந்தது. காலையில் கிடைக்காத திங்கட்கிழமை பாரம். அபிநயா, "சாமி சத்தியமா காலையில இது இங்க இல்லீங்க டாக்டர்" என்று அழுகிற குரலில் சொன்னாள். பத்தாம் தேதி முத்திரை இருக்கிறது. என் கையெழுத்து. ஏழாவது கேள்விக்கு நேரே: 'உண்டு. முதல் முறை 1993. இரண்டாம் முறை 12-11-2025.'

பன்னிரண்டாம் தேதி என்பது அன்றைக்கு. அந்தப் புதன்கிழமை.

சௌந்தரநாயகி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். நான் ஒரு மூலையில், முதுகு திறந்த அங்கியோடு, அவளைப் பார்க்காமல் நின்றேன். அந்தத் தேதியை அவள் கவனிக்கவே இல்லை. அவள் கண் 1993-லேயே நின்றுவிட்டது. "தேனீ கொட்டுச்சுன்னு சொன்னீங்களே" என்றாள். "கல்யாணத்த நிறுத்திருவாங்கன்னு பயந்துட்டேன்." "நானா நிறுத்திருப்பேன்? சோத்துல உப்பக் கொறச்சிருப்பேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பின்னால் வந்து அந்த அங்கியின் முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டாள். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் இவ்வளவு கூசிப்போனது இல்லை.

சாயம் இல்லாமல் எடுத்த படமே போதும் என்றார் டாக்டர். சிறுநீர்க் குழாயில் ஏழு மில்லிமீட்டர் கல், வேறு எதுவும் இல்லை. சௌந்தரநாயகி பயந்த அந்தப் பெரிய வியாதி இல்லை. வருகிற வாரம் கல்லை உடைத்து எடுத்துவிடுவார்கள். 'சாயம் கூடாது' என்று சிவப்பு மையில் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார்கள், அதை உங்கள் தங்கை தன் பர்ஸிலேயே வைத்துக்கொண்டாள், என்னிடம் கொடுத்தால் ஆற்றில் விட்டுவிடுவேனாம்.

நான்கு நாளாக யோசித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, தூங்கவும் இல்லை. கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடிச் சுவர். நேற்றுச் சாயங்காலம் மீன் வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பளிச்சென்று விளங்கிவிட்டது. தாங்கள்தான்! வேறு யார்? 1993 தங்களுக்கு மட்டுமே தெரியும். எனக்கு அம்மா, தங்களுக்கு அத்தை, அதனால் நம் இரண்டு பேருக்கும் தாத்தாவின் ஒரே மூஞ்சி. சின்ன வயசில் வாத்தியாரே மாற்றி அடிப்பார். என் கையெழுத்தை ஏழாம் வகுப்பிலேயே போட்டுப் பழகியவர் தாங்கள். தஞ்சாவூரிலேயே குடியிருக்கிறீர்கள், சென்டரில் தங்கள் கடை வாடிக்கைக்காரர் யாராவது என் பெயரைச் சொல்லியிருப்பார். நேரில் வந்து சொன்னால் வறட்டுக் கௌரவம் போய்விடும் என்று, மாரியம்மன் திருவிழா நாடகத்தில் அரக்கன் வேஷம் கட்டிய அனுபவத்தில் உதட்டை ஒட்டி, கழுத்தில் சிவப்பைப் பூசி, அந்தப் பாட்டியம்மாளையும் பயமுறுத்தி, பாரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். தேதியைத் தப்பாகப் போட்டது தங்கள் பழைய வழக்கம்தான், பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். புதன்கிழமையும் வந்து, தாழ் போட்ட அறைக்குள் எப்படியோ நுழைந்து நின்றீர்கள். அது எப்படி என்பது மட்டும்தான் இன்னும் பிடிபடவில்லை, நேரில் சொல்லிக் கொடுங்கள். அந்த நீல அங்கி எங்கே கிடைத்தது என்பதையும்.

மச்சான், என்னை மன்னித்துவிடு. பத்திரிகையில் உன் பேரைத் தப்பாகப் போட்டவனுக்காக நீ இவ்வளவு செய்தாய். நான் உன் இடத்தில் இருந்தால் செய்திருப்பேனா என்று தெரியாது. கல்லை எடுத்தானதும் நானே வந்து உன் கடை வாசலில் நிற்பேன். பந்தியில் நீ சாப்பிடாமல் போன சாப்பாட்டை என் வீட்டில் வந்து சாப்பிட வேண்டும். அண்ணிக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் முட்டிக்கு நல்லெண்ணெய்.

இப்படிக்கு,
தங்களால் பிழைத்துக் கிடக்கும்,
கலியபெருமாள்.

பின்குறிப்பு: ஒப்பந்தப்படி கடிதத்தைச் சௌந்தரநாயகியிடம் படிக்கக் கொடுத்தேன். முனி கொடுத்த சீர் வரை சிரித்தாள். கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணன் தஞ்சாவூர்லயே இல்லீங்களே" என்றாள். ஐப்பசி முதல் வாரமே தாங்களும் அண்ணியும் அந்தமானுக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டீர்களாம், இன்னும் திரும்பவில்லையாம். இரண்டு வருஷமாக அவள் தினமும் எனக்குத் தெரியாமல் உங்கள் வீட்டோடு பேசிவருகிறாள் என்பதும் இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றிக் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தாங்கள் போர்ட் பிளேர் கடற்கரையில் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு அவளோடு வீடியோவில் பேசியிருக்கிறீர்கள். படம்கூட எடுத்து வைத்திருக்கிறாள். காட்டினாள். தாங்கள்தான். உதடு ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ஆகவே மேலே தெரிவித்த நன்றியை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். யாருக்குச் சேர வேண்டியது என்று தெரியவில்லை. பத்திரிகைக்குக் கேட்ட மன்னிப்பு மட்டும் செல்லும். அந்தமானிலிருந்து திரும்பியதும் அவசியம் ஒரு எட்டு வாருங்கள். ஆனால் ஒன்று, வாசலில் நின்றதும் முதலில் 'வீரமணி வந்திருக்கேன்' என்று உரக்கக் குரல் கொடுங்கள். முகத்தைப் பார்த்து நான் இனிமேல் கதவைத் திறப்பதாக இல்லை.